தானே ஏறும் வண்டி

நவம்பர் 20

இந்த டைரியை ஃபாதர் ஜனவரியில் கொடுத்தார். தினமும் மனசாட்சியைச் சோதித்துப் பார்த்து நாலு வரி எழுத வேண்டுமாம். இன்றுதான் திறக்கிறேன். என் மனசாட்சிக்கு ஒரு குறையும் இல்லை. சோதிக்க வேண்டியது என் ஜீப்பின் எஞ்சினைத்தான். ஆகவே அதைப் பற்றி எழுதுகிறேன், ஃபாதர் மன்னிக்கட்டும்.

பெயர்: இன்னாசிமுத்து. தொழில்: ஆனைக்கல்மேட்டிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஜீப் ஓட்டுவது. எங்கள் மலைக்கு பஸ் கிடையாது. காப்பி மூட்டை இறங்குவது, ரேஷன் அரிசி ஏறுவது, பிரசவத்துக்குப் பெண்கள் போவது எல்லாம் என் வண்டியில்தான். பட்டாளத்திலிருந்து ஏலத்தில் வந்த பெட்ரோல் ஜீப். என் தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்தில் வாங்கியது.

நேற்று பொதியிறக்கி வளைவில் வண்டி நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் கழுதைகளே அந்த இடத்தில் ஏறமாட்டேன் என்று நிற்குமாம், பொதியை இறக்கித்தான் ஓட்டிப் போவார்களாம். அவ்வளவு செங்குத்து. பின்னால் காப்பி பறிக்கிற பெண்கள். எஞ்சின் நின்று வண்டி பின்னால் உருண்டதும் கூப்பாடு போட்டார்கள். வழக்கம்போலக் கியரில் போட்டுக் கிளட்சை விட்டேன், கப்பென்று பிடித்துக்கொண்டது. இந்த வண்டியின் பிரேக்கை நம்பி எந்தக் காலத்தில் ஓட்டினேன்? கியரில் பிடித்து நிறுத்துவதுதான் எங்கள் மலைப் பழக்கம்.

எஞ்சின் செத்துவிட்டது. அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

லூர்து வேறு மாதிரி சொல்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவள் வேறு மாதிரிதான் சொல்வாள். "எஞ்சினை அப்புறம் பாக்கலாம். மொதல்ல அந்தக் காலைக் கொண்டுபோய் நர்ஸம்மாகிட்டக் காட்டுங்க. காட்டாம ஆளை ஏத்தாதீங்க" என்றாள். சர்க்கரை வந்த நாளிலிருந்து என் உடம்பில் எது நடந்தாலும் அவளுக்குக் கால்தான்.

நவம்பர் 23

வத்தலக்குண்டில் சிக்கந்தர் பாயைப் பார்த்தேன். மலைக்கு ஓடுகிற அத்தனை ஜீப்புக்கும் அவர்தான் வைத்தியர். பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணே, எஞ்சின் ஒண்ணும் மோசமில்லையே. கார்பரேட்டரைக் கழுவி மாட்டினா இன்னும் ரெண்டு வருசம் ஓடுமே" என்றார்.

"கழுவவும் வேணாம், துடைக்கவும் வேணாம். தூக்கிட்டு டீசல் வைங்க."

"டீசலா? என்னண்ணே திடீர்னு?"

டீசல் என்றால் ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டியதே இல்லை, முதல் கியரில் போட்டுவிட்டால் தானே ஏறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெட்ரோல் அப்படியில்லை. காலை அளந்து அளந்து மிதிக்க வேண்டும், கொஞ்சம் குறைந்தால் நின்றுவிடும், கொஞ்சம் கூடினால் உறுமும். வயசான காலத்தில் எதற்கு அந்தத் தொல்லை? பாயிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. இழுவை வேணும் என்று மட்டும் சொன்னேன்.

பழைய சரக்கு வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் அவரிடம் இருக்கிறதாம். காப்பி சீசன் உச்சத்தில் வண்டியை நிறுத்துகிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று வீட்டில் கேட்டார்கள். வீட்டில் என்றால் லூர்து.

நவம்பர் 25

வண்டியை விட்டுவிட்டு வந்தேன். ஊருக்குப் பால்வேன் பின்னால் நின்றுகொண்டு ஏறினேன். மானம் போய்விட்டது.

நவம்பர் 29

பழைய எஞ்சினை இன்று தூக்கினார்கள். சங்கிலி போட்டு ஏற்றும்போது ஆடிக்கொண்டே மேலே போனது. நான் அழவில்லை. கண்ணில் பெட்ரோல் வாடை பட்டது.

டிசம்பர் 4

சும்மா உட்கார முடியவில்லை, பால்வேனில் இறங்கி பாயின் ஷெட்டுக்குப் போய்விட்டேன். சண்டை போட ஆள் வேண்டாமா?

டீசல் எஞ்சின் குண்டாக இருக்கிறது. கீழே ஆயில் தொட்டி முன் அச்சில் இடிக்கிறது. தொட்டியை வெட்டி, பின்னால் தள்ளி வெல்டிங் வைத்திருக்கிறார். காத்தாடி ரேடியேட்டரில் உரசும் என்பதால் ரேடியேட்டரை முன்னால் நகர்த்தியாயிற்று. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஒரு இரும்பு வளையம், அதை லேத்தில் கடைந்து வாங்கியிருக்கிறார். முன்பக்கக் கனத்துக்கு ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை. ஆளில்லாத நேரத்தில் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். மனுஷன் நன்றாகத்தான் செய்கிறார். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவார்.

வரும் வழியில் ஒரு செருப்பைக் காணோம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்காரும்போதுதான் பார்க்கிறேன், வலது கால் வெறுங்கால். எங்கே கழன்றதோ. இப்போதெல்லாம் செருப்பு செய்கிறவர்கள் வார் வைப்பதே இல்லை, பேருக்கு ஒட்டுகிறார்கள். கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டுப் புதுச் செருப்பு வாங்கினேன்.

டீயில் சர்க்கரை போட்டுத்தான் குடித்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், ஃபாதர் மனசாட்சி என்று சொன்னாரே.

டிசம்பர் 9

எஞ்சின் பேசிவிட்டது!

காலையில் டீசல் குழாயில் காற்று பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் முரண்டு பண்ணியது. பாய் திருகைத் தளர்த்தி, கையால் அடித்து அடித்துக் காற்றை எடுத்தார். பிறகு ஒரே உதறல். ஷெட்டுக் கூரைத் தகரமெல்லாம் கூடச் சேர்ந்து பாடியது. அடேயப்பா, என்ன குரல்! எங்கள் ஊர்க் கோயில் மணியைவிடத் தூரம் கேட்கும். நான் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினேன்.

புகைக்குழாய் இன்னும் முழுசாக மாட்டவில்லை. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. "பாய், எங்கயோ பெல்ட்டு உரசுது பாருங்க" என்றேன்.

பாய் குனிந்து பார்த்தவர் "யா அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு என் காலைப் பிடித்து இழுத்தார். என் கால்தான் குழாயில் சாய்ந்திருந்தது. புதுச் செருப்பு உருகி, சுண்டுவிரல் பக்கம் தோல் வழன்றுவிட்டது.

"அண்ணே, சுடலையா உங்களுக்கு?"

"சுட்டுச்சு, சுட்டுச்சு. எஞ்சின் சந்தோசத்துல கவனிக்கல."

உழைத்த கால். தோல் எருமைத்தோல் மாதிரி ஆகிவிட்டது. செருப்பே போடாமல் காட்டில் திரிந்தவனுக்கு இதெல்லாம் ஒரு சூடா?

டிசம்பர் 10

லூர்து புண்ணைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. அவள் கத்தாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டே, "எப்ப வலிச்சுச்சு?" என்று கேட்டாள். "இப்பவும் வலிக்குது, மெதுவாத் தடவு" என்றேன்.

அவள் கையை எடுத்து வெகுநேரம் ஆகியிருந்தது போல. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 15

வண்டியை எடுத்துக்கொண்டு நிலக்கோட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பாய் பக்கத்தில்.

எஞ்சின் ராஜா. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பெடல்கள் சரியில்லை. ஆக்ஸிலேட்டர் செத்த பாம்பு மாதிரி கிடக்கிறது, எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பிரேக்கும் அப்படித்தான், மிதிக்கிறேனா இல்லையா என்று அதுவும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறது.

"அண்ணே, ரோட்டைப் பாருங்க. எதுக்குக் கீழ கீழ குனியுறீங்க?"

"நீங்க பெடலை மாத்தி வச்சிருக்கீங்க. அதான் பாக்க வேண்டியிருக்கு."

"பெடலை நான் தொடவே இல்லையேண்ணே. கேபிள் மட்டுந்தான் புதுசு."

அவர் ஓட்டிப் பார்த்தார். பஞ்சு மாதிரி போனது. நன்றாகத்தான் இருக்குது என்று இறங்கிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேலை தெரியாத மெக்கானிக் டிரைவரைக் குறை சொல்வான். போகட்டும்.

டிசம்பர் 18

பாயிடம் இரண்டு வேலை சொன்னேன். ஒன்று, ஆக்ஸிலேட்டர் பெடல்மேல் அகலமாக ஒரு தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். இரண்டு, எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை நன்றாகக் கூட்டி வைக்க வேண்டும். அப்போதுதான் காலை எடுத்தாலும் மேட்டில் திணறாமல் ஏறும்.

தகடு வைத்தால் பிரேக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும் என்றார். வரட்டும் என்றேன். வேகத்தை இவ்வளவு கூட்டினால் நிறுத்துவது சிரமம் என்றார். நான் ஓட்டுகிறேனா நீங்கள் ஓட்டுகிறீர்களா என்றேன்.

பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என் காலைப் பார்த்தார். புண் இன்னும் ஆறவில்லை. "காலு எப்படிண்ணே இருக்கு?" என்றார்.

"நடக்குது" என்றேன்.

சொன்னபடி செய்து கொடுத்துவிட்டார்.

டிசம்பர் 22

மலை ஏறிவிட்டேன்! தனியாக, காலி வண்டியில். பொதியிறக்கியில் முதல் கியர், இரண்டு காலும் தரையில். சத்தியமாகச் சொல்கிறேன், தானே ஏறியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். என் கை இன்னும் தங்கமான கை. ஒரு இஞ்ச் விலகவில்லை.

ஊரே வந்து பார்த்தது. கோயில் உபதேசியார் சூசை, "என்னப்பா, கிழவனுக்குப் புது மாப்பிள்ளைக் களை வந்துருச்சு" என்றார். ஜீப்பைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

லூர்து மட்டும் வாசற்படியிலேயே நின்றாள்.

டிசம்பர் 25

கிறிஸ்து பிறந்தார். ஆட்டுக்கறி. இரண்டு தடவை பாயசம். லூர்து பார்க்கவில்லை.

டிசம்பர் 30

நேற்றிலிருந்து மூட்டை மட்டும் ஏற்றுகிறேன். ஆள் கேட்டால் "எஞ்சின் பழகட்டும்" என்று சொல்லிவிடுகிறேன். புது எஞ்சினுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். மூட்டைக்கு வாய் கிடையாது, வளைவில் கத்தாது.

இன்று இறக்கத்தில் ஒரு மாட்டுக்காக பிரேக் போட்டேன். வண்டி உறுமிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. மாடு தப்பித்தது. தகடு பக்கத்தில் இருக்கிறது அல்லவா, அதன் விளிம்பு பட்டிருக்கும்.

வண்டியை ஓரம் கட்டி, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். லூர்துவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 3

டைரியில் தேதி முடிந்துவிட்டது. பின்னால் முகவரி எழுத விட்ட பக்கங்களில் எழுதுகிறேன்.

பூசைக்குப் பிறகு உபதேசியார் வீட்டுக்கு வந்தார். அந்தோணியார் திருவிழாவுக்கு ஒன்பதாம் தேதி கொடியேற்றம். கொடி, பேண்டு செட்டு, பூ, அடிவாரத்து விருந்தாளிகள் எல்லாம் வருசா வருசம் என் வண்டியில்தான் மலை ஏறும். "புது எஞ்சினோட கொடி வருது, இந்த வருசம் எடுப்பா இருக்கும்" என்றார்.

லூர்து அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "அவருக்குக் கால்ல புண்ணு ஆறல உபதேசியாரே. கீழத்தெரு வண்டியைச் சொல்லிக்கங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "புண்ணு ஆறிருச்சு. கொடி என் வண்டியிலதான் வரும். இதுவரைக்கும் யாராச்சும் என் வண்டியில விழுந்திருக்காங்களா?" என்று கேட்டேன். உபதேசியார் இல்லையே என்று தலையாட்டினார். காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார் பாவம்.

அவர் போனதும் லூர்து மெதுவாகக் கேட்டாள்: "ஒங்களுக்குத் தெரியுதா தெரியலையா? எனக்கு அதை மட்டும் சொல்லுங்க."

"எது?"

"தரை."

இதெல்லாம் ஒரு கேள்வியா? தரையில்தானே நிற்கிறேன்.

ஜனவரி 6

பாய் மேலே வந்தார், வேறு ஜீப் பார்க்க. எங்கள் வண்டியையும் ஒரு பார்வை பார்த்தார். லூர்து அவரிடம் நின்று ஒவ்வொரு குமிழாகக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாவியை அணைத்தாலும் டீசல் நிற்காது, இந்தக் கறுப்புக் குமிழை இழுத்தால்தான் நிற்கும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். இவள் எதற்கு இதையெல்லாம் கற்கிறாள்? ஓட்டப்போகிறாளா?

ஜனவரி 8

நாளைக்குக் கொடி. வண்டியைக் கழுவி, மாலை போட வாகாக முன்கம்பியைத் துடைத்து வைத்தேன். லூர்து, "நாளைக்கு நான் முன்னால ஒங்க பக்கத்துல உக்காருவேன்" என்றாள். முன்சீட்டு உபதேசியாருக்கு. அது வழக்கம். "வழக்கத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்றாள். என்னை மீறி அப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதே கிடையாது. சரி என்றேன்.

எனக்கும் அவள் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று இருந்தது.

ஜனவரி 9

எழுத முடியவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். லூர்துவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஜனவரி 10

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அடிவாரத்தில் கொடியையும் ஆட்களையும் ஏற்றினோம். பின்னால் பேண்டு செட்டுக்காரர்கள், உபதேசியார், பூக்கூடையோடு மூன்று பெண்கள். முன்னால் லூர்து. பேண்டுக்காரர்கள் வாசித்துக்கொண்டே வந்தார்கள். வண்டி தானே ஏறியது. நான் காலை வைக்கவே இல்லை.

பொதியிறக்கியில் பாதி ஏறும்போது மேலேயிருந்து ஒரு பைக் வந்தது. வழியை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். நானும் நிற்க வேண்டியதாயிற்று. அவன் ஒதுங்கியதும் எடுத்தேன். எடுக்கிற இடத்தில் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஆக்ஸிலேட்டரில் கால் இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்தேன்.

வண்டி பின்னால் உருண்டது. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் இதை? கியரில் பிடிக்கலாம் என்று கிளட்சை விட்டேன். பிடிக்கவில்லை. தடதடவென்று எஞ்சின் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆகா, எடுத்துக்கொண்டது என்று நினைத்தேன். ஆனால் வண்டி பின்னால் போகிறது! முதல் கியரில் கிடக்கிறது, எஞ்சின் ஓடுகிறது, வண்டி பின்பக்கமாக ஓடுகிறது. பானெட் இடுக்கெல்லாம் கறும்புகை. ரிவர்ஸ் கியரே போடாமல் ஒரு வண்டி பின்னால் ஓடி என் ஆயுளில் பார்த்ததில்லை. பேய் பிடித்துவிட்டது என்றுதான் தோன்றியது.

பிரேக்கை மிதித்தேன். வேகம் கூடியது. இன்னும் பலமாக மிதித்தேன். இன்னும் கூடியது. பின்னால் அலறல், மேளம் உருள்கிற சத்தம். வலப்பக்கம் பள்ளம். சேசுவே, சேசுவே என்று கத்தினேன். கை மட்டும் தன் வேலையைச் செய்தது, ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்துவிட்டது. லூர்து என்மேல் பாய்ந்து விழுந்து அந்தக் கறுப்புக் குமிழைப் பிடித்து இழுத்தாள். எஞ்சின் அடங்கியது. அதே நேரம் வண்டி ரோட்டோர ஓடையில் இறங்கி மண்சுவரில் மோதியது. அவள் கை டேஷ்போர்டில் சிக்கிக்கொண்டது.

ஒருவரும் பள்ளத்தில் விழவில்லை. பெண்கள் கீழே இறங்கி மண்ணில் உட்கார்ந்து அழுதார்கள். உபதேசியார் கொடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பால்வேனில் ஏற்றி லூர்துவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டுப் போடும்வரை அவள் "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை.

ஜனவரி 11

பாய் வந்தார். ஊரே அவரைச் சுற்றி நின்றது. ஓடையிலிருந்து வண்டியைத் தூக்கி, எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். காற்று இழுக்கிற வடிகட்டி கரியாகக் கிடந்தது.

"டீசல் எஞ்சின் ஒண்ணொண்ணு இப்படிப் பண்ணும்ங்க. கியர்ல கெடக்கிறப்ப வண்டி பின்னால உருண்டா, எஞ்சின் தலைகீழாச் சுத்தி எடுத்துக்கும். அப்ப முதல் கியர்தான் அதுக்கு ரிவர்ஸு. புகை போற வழியில காத்து வரும், காத்து வர்ற வழியில புகை போகும். பெட்ரோல் வண்டிக்காரங்க கியர்ல பிடிச்சுப் பிடிச்சுப் பழகினவங்க. அப்படிச் செய்யாதீங்கன்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

கூட்டத்துக்கு இது போதுமாக இருந்தது. இவ்வளவு தெரிந்தவர் முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "கொடியோட அத்தனை பேரையும் கொன்னிருப்பீங்களேய்யா" என்று உபதேசியார் கேட்டார். இனி இந்த மலை வண்டி ஒன்றும் பாயின் ஷெட்டுக்குப் போகக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் கூடி முடிவு செய்யலாம் என்று பேச்சு வந்தது. என்னைப் பார்த்து, "இன்னாசி இல்லேன்னா வண்டி பள்ளத்துக்குப் போயிருக்கும், நல்ல வேளை ஸ்டியரிங்கை ஒடிச்சான்" என்றார்கள். ஒருவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பாய் பிரேக்கைப் பார்த்தார். மிதித்து மிதித்துப் பார்த்தார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு மறுபடி மிதித்தார். அதெல்லாம் கெட்டியாகத்தான் பிடித்தது. நான் பக்கத்தில் நின்றேன். என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தலைகீழா ஓடுற எஞ்சினுக்குச் சக்தி கெடையாதுண்ணே. பிரேக்கைத் தொட்டிருந்தாலே திணறி நின்னிருக்கும்."

நான் குனிந்து சக்கரத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினேன்.

கொஞ்ச நேரம் அந்தத் தகடு வைத்த பெடலையே பார்த்தார். பிறகு எழுந்து கூட்டத்தைப் பார்த்து, "பிரேக்குலயும் காத்து இருந்திருக்குங்க, அதான் பிடிக்கல. அதுவும் என் வேலைதான்" என்றார்.

பொய். பச்சைப் பொய். எனக்காகச் சொன்ன பொய். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாளைக்கு நான் யார்? மலை ஜீப் இன்னாசி இல்லை. வீட்டில் உட்கார்ந்து நேரம் என்ன என்று கேட்கிற கிழவன்.

பாய் தலையைக் குனிந்துகொண்டு பைக்கை எடுத்துப் போனார். எனக்கு என்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

ஜனவரி 12

லூர்து நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஒற்றைக் கையால் சோறு வடித்தாள். நான் வடிக்கிறேன் என்றேன். தள்ளிவிட்டாள்.

காலையில் அவள் விரல் வீங்கியிருந்ததால் நர்ஸ் குணவதியிடம் கூட்டிப் போனேன். கட்டைத் தளர்த்திவிட்டு அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. "அண்ணே, அண்ணி சொன்னாங்க. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒரு நிமிசம் இந்த பெஞ்சுல காலை நீட்டி உக்காருங்க."

லூர்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுத்தால் அவள் இனி ஆயுளுக்கும் பேசமாட்டாள் என்று தோன்றியது. உட்கார்ந்தேன்.

குணவதி ஒரு சின்ன டப்பாவிலிருந்து நைலான் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்தது. "கண்ணை மூடிக்கங்க. நான் தொடுறப்பல்லாம் 'ம்'னு சொல்லுங்க. ஏமாத்தக் கூடாது, என்ன?"

கண்ணை மூடினேன். இடது காலில் தொட்டது. "ம்" என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடி "ம்." குதிகாலிலும் தெரிந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பார்த்தாயா லூர்து, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"இப்ப வலது கால்ண்ணே."

காத்திருந்தேன். வெளியே யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளை எதையோ தேடுகிறது போல, தொடவே இல்லை. கோயில் ஒலிபெருக்கியில் நவநாள் பாட்டுப் போட்டார்கள். ஒரு பாட்டு முழுசாக முடிந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் நேரம் ஆகிறது. கண்ணை இறுக்கிக்கொண்டு, காது கேளாதவன் உற்றுக் கேட்கிற மாதிரி அந்தக் காலையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னம்மா, ஆரம்பிக்கப் போறியா இல்லையா? எனக்கு வேலை கெடக்கு" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். குணவதி அந்த நரம்பை டப்பாவில் வைத்து மூடிக்கொண்டிருந்தது. லூர்து என் காலைப் பார்த்துக்கொண்டு, நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"முடிஞ்சிருச்சுண்ணே" என்றது அந்தப் பிள்ளை.

பயமாக இருந்தது. அத்தனை பேரையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இந்தக் காலை நம்பி ஏறியிருக்கிறேன். லூர்துவை உட்கார வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

சட்டைப் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"பாய்க்குப் போன் போடு. ஞாயித்துக்கிழமை பூசை முடியறப்ப வந்துரச் சொல்லு. ஊரு கூடினதும் மொதல்ல நான் பேசணும்."

லூர்து கண்ணைத் துடைத்துவிட்டு போனை எடுத்தாள். என்ன பேசப் போகிறேன் என்று அவள் கேட்கவில்லை.